டீச்சர் திறந்த இருபது பூட்டுகள்

போன செவ்வாய்க்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் சர்வீஸ் கடைக்குப் போனேன். ஒரு பாரா டைப் செய்வதற்குள் மூன்று முறை நின்றுவிடுகிறது. வாராவாரம் இந்தப் பத்தியை எழுதுவதே கஷ்டம்... இதில் மிஷினும் மக்கர் செய்தால்?

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். திறந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"டிஸ்க் ஃபுல்லா இருக்கு சார். ஒரே ஒரு கேம்தான் பாதி இடத்தைப் புடிச்சிருக்கு. தூக்கிரவா?"

"வேண்டாம்!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"விளையாடுறது யாரு சார்... பையனா?"

"என் வீட்டம்மா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நெசமாவா சார்? நானே இதைப் பாதியில விட்டுட்டேன். அம்புட்டு கஷ்டம். அவங்ககிட்ட ஒரு டவுட்டு கேக்கணுமே..."

"கேட்க முடியாதுப்பா. அவ போய் நாலு மாசம் ஆச்சு."

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். தேவையில்லாத வேறு எதையெல்லாமோ அழித்து இடம் பண்ணிக் கொடுத்தார். அந்தக் கேமை மட்டும் தொடவில்லை.

இந்த நாலு மாதமாக பஸ் நெரிசல், தெரு நாய், கல்யாண மண்டப ஸ்பீக்கர் என்று என்னென்னவோ எழுதினேன். ஜெசியைப் பற்றி எழுதவில்லை. பழைய வாசகர்களில் சிலர், "டீச்சரம்மாவை ஏன் சார் காணோம்?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். பதில் போடவில்லை. இன்று போடுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக: ஜெசிந்தா என் மனைவி. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடம் ப்ளஸ் டூ கணக்கு டீச்சர். நான் போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். எங்கள் வீட்டில் கணக்கு அவள் டிபார்ட்மென்ட், வாய் என் டிபார்ட்மென்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ரெண்டுமே அவளுடையதுதான்.

நோயைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. கடைசி பெஞ்சு மாணவிகள். "மிஸ், போர்டுல எழுத்து தெரியல... சின்னதாப் போயிக்கிட்டே இருக்கு" என்றார்களாம். முதல் வரி பெரிதாக ஆரம்பிக்கும். கடைசி வரி எறும்பு மாதிரி இருக்கும். அப்புறம்தான் வலது கை நடுக்கம். மதுரையில் டாக்டர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். இன்னும் ஐந்து வருட சர்வீஸை விட்டுவிட்டு ஜெசி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த வருடம் அயர்லாந்திலிருந்து லீவில் வந்த எங்கள் மகன் பிரவீன் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். உள்ளே ஒரு கேம்.

"மவுஸ் புடிச்சா கைக்கு நல்லதும்மா. சும்மா விளையாடிப் பாருங்க."

"இந்த வயசுல கத்தி எடுத்துச் சண்டை போடச் சொல்றியாடா?"

அவன் ஊருக்குப் போய் மூன்றாம் நாள். மார்க்கெட் போய்விட்டு வருகிறேன்... ஹாலில் ஜெசி லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பரீட்சை ஹாலில் பிட் அடிக்கிற பிள்ளையைத் தேடுகிற அதே முகம்!

இந்தக் கேமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பெரிய கற்பனை நாடு. காடு, மலை, குகை, கோட்டை, மந்திரம், பூதம் எல்லாம் உண்டு. இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணுக்குத் தெரிகிற மலை எதுவானாலும் ஏறலாம். முதலில் உங்களுக்கு ஓர் உருவம் செய்துகொள்ள வேண்டும். உலகத்தில் எல்லாரும் கட்டுமஸ்தான வீரனைச் செய்வார்கள். ஜெசி வயசைக் கூட்டும் பட்டனை ஒரே தள்ளாகக் கடைசிவரை தள்ளினாள். சுருக்கம், நரை. பெயர் கேட்டது. 'டீச்சர்' என்று போட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், இதில் எதைச் செய்கிறோமோ அந்தத் திறமைதான் கூடும். குதித்தால் குதிக்கிற திறமை. வாள் வீசினால் வாள் திறமை. அடி வாங்கினால், கவசம் அணியும் திறமை! இதைத் தெரிந்துகொண்டபின் டீச்சர் நடப்பதையே விட்டுவிட்டார். கடைத்தெருவில் குதித்துக் குதித்துப் போவார். தூங்குகிற கொல்லன் வீட்டில் பதுங்கிக்கொண்டு ஒரே சுவரைப் பார்த்து அரை மணி நேரம் நடப்பார்... ஒளிந்து நடக்கும் திறமை கூடுமாம். ஒரு குகையில் ஒற்றை எலியிடம் கடி வாங்கிக்கொண்டே நின்றார்.

"அதை அடிச்சா என்ன?" என்றேன்.

"அடிச்சா செத்துப்போகுமேங்க. கடிக்கட்டும். கவசத்துல இன்னும் மூணு பாயிண்ட் வேணும்."

பெரிய கோணல் ஒன்றும் இருந்தது. திறமைகள் கூடினால் உங்கள் லெவல் ஏறும். லெவல் ஏறினால் எதிரிகளும் ஏறுவார்கள். குதித்தும் பேசியும் லெவலை ஏற்றிக்கொண்டவன் முன்னால், இரும்புக் கவசம் போட்ட கொள்ளைக்காரன் வந்து நிற்பான். வாள் பிடிக்கத் தெரியாமல் நம் ஆள் செத்துப்போவான். முன்னேறியதால் வந்த தோல்வி! ஜெசி ஒரு நோட்டில் கோடு போட்டு, எந்தத் திறமையை எப்போது எத்தனை ஏற்றுவது என்று கணக்குப் பண்ணி வைத்திருந்தாள். எழுத்து எறும்பாகத்தான் இருக்கும். கணக்கு தப்பாது.

ஆனால் கை?

நோய்க்கு அந்த நோட்டு தெரியுமா? அடுத்த வருடம் நடுக்கம் கூடியது. கேமில் ஒரு பெட்டியின் பூட்டைத் திறப்பதென்றால் மவுஸை மயிரிழையாக நகர்த்தி நிறுத்த வேண்டும். பத்துக்கு இரண்டுதான் திறக்கும். பூட்டுக்குள் விடுகிற கம்பி உடைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் சத்திரத்தில் யாரிடமோ பேசப்போய் கை நழுவி, மேஜையில் கிடந்த கரண்டியை எடுத்துவிட்டாள். திருட்டு! காவலர்கள் பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கேமில் ஜெயிலுக்குப் போனால் ஒரு தண்டனை உண்டு. உள்ளே கிடக்கிற நாளுக்கு ஏற்ப, கஷ்டப்பட்டுச் சேர்த்த திறமைப் புள்ளிகள் குறைந்துபோகும். ஒரே வாரத்தில் மூன்று முறை ஜெயில். ஜெசி லேப்டாப்பை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ.

மோட் என்று ஒன்று இருக்கிறது தெரியுமா? கேமின் விதிகளையே மாற்றுகிற சின்னச் சின்ன ஃபைல்கள். ஆர்வமுள்ளவர்கள் செய்து இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். போனில் போட்டோ அனுப்பவே ஆள் தேடுகிற நான், அவள் ஃபிசியோதெரபிக்குப் போகிற நேரத்தில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பிரவீனிடம்கூடச் சொல்லவில்லை. ஒன்று, எப்படித் தொட்டாலும் பூட்டு திறக்கும். இன்னொன்று, எதிரிகள் லெவல் ஏற மாட்டார்கள். இன்னொன்று, கரண்டியைத் தூக்கினாலும் காவலர் கண்டுகொள்ள மாட்டார்.

போட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து ஜெசி அடுப்படிக்கு வந்து நின்றாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"ஏங்க... இன்னைக்கு அஞ்சு பூட்டு. ஒண்ணுகூட உடையல. புது மாத்திரை வேலை செய்யுது போல."

சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "அப்படியா" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையே...

இரண்டு மாதம் கழித்து மதுரையில் செக்கப். டாக்டர் வழக்கம்போல், "கை எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"ரொம்பப் பரவால்ல டாக்டர். முன்ன பத்துக்கு ரெண்டு பூட்டுதான் திறக்கும். இப்ப எல்லாமே திறக்குது."

"எந்தப் பூட்டும்மா?"

ஜெசி கேமைப் பற்றி விளக்கினாள். டாக்டர் ரசித்துக் கேட்டார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். ஒவ்வொரு முறையும் வரையச் சொல்வதுதான். ஜெசி வரைந்தாள். டாக்டர் ஃபைலிலிருந்து போன தடவைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

புதிய சுருளில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடந்தன.

"டோஸைக் கொஞ்சம் கூட்டுவோம்மா," என்றார் டாக்டர் மெதுவாக.

ஜெசி இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கைக்குட்டையை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் வலது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாடிப்பட்டி தாண்டியது. சின்னாளபட்டி தாண்டியது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டாள். "இங்க செத்த நேரம் வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். டீச்சர் ஒரு கோட்டைக்குள் நின்றார். வரிசையாகப் பூட்டிய பெட்டிகள். ஜெசி ஒன்றைத் திறந்தாள். நோட்டில் ஒரு டிக். அடுத்தது, டிக். பத்தாவது பூட்டில் வேண்டுமென்றே மவுஸை உலுக்கினாள். திறந்தது. பதினைந்தாவது பூட்டை இடது கையால். திறந்தது. இருபதாவதற்குக் கையை எடுத்துவிட்டு, முழங்கையால் மவுஸை ஒரு இடி இடித்தாள்.

திறந்தது.

"இருபதுக்கு இருபது," என்றாள். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு பேப்பர் வந்தா என்ன செய்வேன் தெரியுமா? பக்கத்துல யாரு உக்காந்திருந்தான்னு பாப்பேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"எப்பப் போட்டீங்க?"

"ரெண்டு மாசம்... கொஞ்சம் கூட இருக்கும்."

"ஏன்?"

"நீ கஷ்டப்படுறதப் பாக்க முடியல ஜெசி."

"பாக்க முடியலன்னா எந்திரிச்சு அங்குட்டுப் போயிருக்கலாம்ல? டாக்டர்கிட்டப் போயி கை நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

அவள் குரல் உயரவில்லை. வகுப்பிலும் அப்படித்தான் என்பார்கள். உயராது... ஆனால் கேட்கும்.

"கத்தியை எடுத்து மேல் செல்ஃப்ல வச்சீங்க. சரின்னேன். ஸ்கூட்டியைத் தள்ளிட்டுப் போயி யாருக்கோ குடுத்தீங்க. பாத்ரூம் தாப்பாளைக் கழட்டுனீங்க. கோயிலுக்குப் போனாலும் பின்னாலயே வாரீங்க. எல்லாம் பாசந்தான்... எனக்குத் தெரியாதா? ஆனா ஒரு நாள்கூட எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே. இந்தக் கேம்ல ஜெயில்ல கெடந்தா இருக்கிற திறமையும் குறைஞ்சு போகும். ஆனா அங்க திருடுனாத்தாங்க ஜெயிலு. நான் என்னத்தத் திருடுனேன்?"

இந்தப் பத்தியில் எத்தனையோ பேருக்கு எகத்தாளமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். அன்று லேப்டாப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவள் பக்கத்தில் நின்று பார்க்க, மோட்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். "எல்லாம் போயிருச்சா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு உட்கார்ந்து ஒரு பூட்டைத் தொட்டாள். கம்பி உடைந்தது. அடுத்தது உடைந்தது. உடைந்துகொண்டே இருந்தது. பதினோராவது திறந்தது.

"பதினொண்ணுல ஒண்ணு," என்று நோட்டில் எழுதினாள். அந்த ஒன்றுக்கு அவள் முகத்தில் வந்த சிரிப்பை, அந்த இரண்டு மாதத்தின் எந்தப் பூட்டுக்கும் நான் பார்க்கவில்லை.

கத்தி கீழே வந்தது. தாழ்ப்பாள் மறுபடி ஏறியது. ஸ்கூட்டியை அவளே வேண்டாம் என்றுவிட்டாள். "அது உண்மையிலேயே முடியாது. எனக்கே தெரியுது." கால் கிலோ பீன்ஸ் நறுக்க ஒன்றரை மணி நேரம். எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்கு மாறியது. நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கத்திச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் நத்தம் ஊரில் இருக்கும், தன்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வீட்டுக்குத் தனியாகப் போய்வருகிறேன் என்றாள். நான் வரக் கூடாது. போனும் பண்ணக் கூடாது! அன்று பகல் முழுக்க நான் பட்ட பாடு... சாயங்காலம் வந்தாள். செருப்பு வார் அறுந்திருந்தது. பை நிறைய மாங்காய்.

"ஏறும்போது படிக்கட்டு உசரமா இருந்துச்சு. கண்டக்டர்கிட்ட கை குடுங்கன்னு கேட்டேன். குடுத்தாரு."

"அவர் குடுத்தா வாங்கிக்கிற. நான் குடுத்தா கோவிச்சுக்கிற?"

"நான் கேட்டேன்... குடுத்தாரு. அது வேற."

எல்லா நாளும் இப்படி இல்லை. ரவிக்கை ஊக்கு மாட்ட முடியாமல் என்மேல் எரிந்து விழுந்த காலைகள் உண்டு. "இன்னைக்கு முடியல, நீங்களே பண்ணுங்க" என்று சுருண்டு படுத்த நாட்களும் உண்டு. கேமிலும் அப்படித்தான். முன்பு வென்ற பூதங்களிடம் டீச்சர் தோற்க ஆரம்பித்தார். பிறகு கண்டாலே ஓட ஆரம்பித்தார். "ஓடுறதுக்கும் பாயிண்ட் உண்டுங்க," என்பாள்.

இப்படியே எட்டு மாதம் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். நான் முன் அறையில் அந்த வாரத்துப் பத்தியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஜெசி பின்னால் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வாளி உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். நாலாம் நாள் காய்ச்சல். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. பதினோராம் நாள் ஜெசி போய்விட்டாள்.

பிரவீன் வந்தான். சர்ச்சில் ஏழாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். பின்வாசலில், அந்தத் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"அப்பா... துணியை நீங்க போட்டிருக்கலாமேப்பா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

"போட்டிருக்கலாம்டா," என்றேன். "கேட்டிருந்தா போட்டிருப்பேன். அவ கேக்கல."

அவன் என் தோளில் கை வைத்தான். நம்பினானா, மன்னித்தானா... தெரியாது. எனக்கே தெரியாதபோது அவனை என்ன கேட்பது? துணியை நான் போட்டிருந்தால் இன்று ஜெசி இருப்பாள். அதை எந்தக் கணக்கும் மாற்றாது. இன்னும் எத்தனை நாள் இருப்பாள், எப்படி இருப்பாள்... அந்தக் கணக்கு எனக்கு வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். விழுந்த வாளியின் சத்தம் என்னைத் தூங்கவிடுவதில்லை. ஆனால் அடுப்படியில் வந்து நின்று, "மாத்திரை வேலை செய்யுது போல" என்றாளே... அந்த முகத்தை நினைத்தால்தான் உட்கார முடிவதில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துவிடுவேன். உங்களிடம் சொல்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை. நர்ஸ் தட்டில் இட்லியோடு வந்தார். நல்ல பெண். "நான் ஊட்டி விடுறேன்மா," என்று கரண்டியை எடுத்தார். ஜெசி கரண்டியையே பார்த்தாள்.

"சிஸ்டர்," என்றேன். "அவகிட்ட குடுங்க. செத்த நேரம் ஆகும். பரவாயில்ல."

முதல் வாய் போர்வையில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். நான் கட்டிலின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்... நானாகக் கை நீட்டிவிடக் கூடாதே என்று. மூன்றாவது வாய்க்குள் போனது. ஜெசி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முக்கால் மணி நேரத்தில் ஒன்றரை இட்லி. பிறகு கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"மிச்சத்த நீங்க ஊட்டுங்க."

ஊட்டினேன். அவள் வாய்விட்டுக் கேட்டு நான் செய்த கடைசி வேலை அது.

உங்கள் வீட்டிலும் யாராவது மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். கை நீட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். இட்லி ஆறினால் ஒன்றும் கெட்டுப்போகாது.